பூஜையில் இருந்த நூல்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் காரைக்குடி வட்டாரத்தில் ஜீப் என்றால் என் பட்டறையைத்தான் தேடி வருவார்கள்.

மானகிரி விவசாயி அருளப்பன், வயல் பாதையில் அடி தட்டாமல் போக ஜீப்பை உயர்த்தித் தரச் சொன்னார். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி நான்கு விரல் உயர்த்தினேன். அப்படி உயர்த்தினால் முன்சக்கரங்களின் நேர் மாறிவிடும். நூல் பிடித்து அளந்து சரிசெய்ய வேண்டும். அது மட்டும் பாக்கி.

அன்று ஆயுத பூஜை. நூல், ஸ்பேனர் எல்லாம் பொட்டு வைத்துச் சாமி முன்னால் இருந்தன. மறுநாள்வரை தொடக் கூடாது. சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது.

"ஒங்க பூசை முடியட்டும்ணே, நாளைக்கு எடுத்துக்கிறேன்" என்றார் வண்டியை எடுக்க வந்த அருளப்பன்.

பொரி வாங்க வந்த கூட்டம் சுற்றி நின்றது.

"எங் கண்ணுதேன் நூலு. தைரியமா ஓட்டிட்டுப் போங்க" என்றேன்.

அந்த வாரமே அரியக்குடி வளைவில் எதிரே பஸ் வர, அவர் பிரேக் போட்டிருக்கிறார். ஜீப் இடப்பக்கம் இழுத்துப் புளியமரத்தில் மோதியது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பிழைக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தேன் வேகமாப் போயிட்டேன்ணே. நீங்க நல்லாத்தேன் செஞ்சு குடுத்தீக."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு அந்த நூலை மட்டும் வெளியே வைத்துக்கொள்கிறேன். ஸ்டியரிங் இழுத்தது எனக்குத் தெரியும் என்பதை அருளப்பனிடம் இன்னும் சொல்லவில்லை.