நாலரை அடித் தண்ணீர்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் யாரும் இருக்க மாட்டான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, படப்பையைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டில், எனக்கும் என் மனைவிக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ராத்திரியில்கூட இல்லை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் பட்டப்பகலில்.

ஆனால் எனக்குப் பகல்தான் ராத்திரி. நாலு வருஷம் சிறுசேரியில் நைட் ஷிஃப்ட். விடிய விடிய அமெரிக்கக்காரர்களின் கார் இன்சூரன்ஸ் புலம்பலைக் கேட்டுவிட்டு, காலையில் கம்பெனி வேனில் வந்து கட்டிலில் விழுவேன். நான் கண்ணை மூடும் நேரத்தில்தான் அபிகாயில் வேலைக்குக் கிளம்புவாள். குரோம்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவளுக்கு வேலை. ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் விழித்திருப்பது அபூர்வம்.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கிளம்பும்போது அவள் கட்டில் பக்கத்தில் நின்று கேட்பாள். நான் கண்ணைத் திறக்காமல் பதில் சொல்வேன்.

"ஜோஷ், கேஸ் புக் பண்ணிடட்டுமா?"

"ம்."

"அத்தைய ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

"ம்."

எங்கள் குடும்பமே அந்த ஒரு 'ம்'மில்தான் ஓடியது. என்ன கேட்டாள் என்பது மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் வாய் பதில் சொல்லி முடித்திருக்கும். ஒரு தடவை வேண்டுமென்றே, "நான் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் 'ம்' சொன்னேனாம். சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "எங்க வீட்டுக்காரருக்கு எவ்ளோ பெரிய மனசு பாருங்க."

மார்ச்சில் வேலையை விட்டேன். அவள்தான் விடச் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. "ராத்திரில நீ வீட்டுல இல்லன்னா நானும் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். ஏற்கெனவே அவள் பிடிவாதத்துக்காகத்தான் சேலையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு முடிச்சூருக்கு வந்திருந்தோம். வேலையா, அவளா என்று வந்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

வேலையை விட்டேனே தவிர, உடம்பு அதை விடவில்லை. ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருப்பேன். மத்தியானம் ஆனால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வரும். சனி, ஞாயிறுகளில் ஹாலில் பாயைப் போட்டுப் படுத்தால், அபி உலுக்கி எழுப்பிவிடுவாள்.

"கிளம்பு. எங்கயாவது போலாம்."

"இந்த வெயில்லயா?"

"வெயில் உன்னக் கடிக்காது. கிளம்பு."

கோடை முழுக்க இப்படித்தான். ஒரு வாரம் கோவளம். ஒரு வாரம் ஏசிக்காகவே வேளச்சேரியில் ஒரு மால். ஒரு வாரம் வண்டலூர். அங்கே வெள்ளைப்புலி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. "பாவம், அதுவும் நைட் ஷிஃப்ட் போல" என்றாள். வெளியே வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவாள். சிரிப்பாள். ஐஸ் கேட்பாள். திரும்பி வரும் வழியில், முடிச்சூர் ரோடு வந்ததும் பேச்சு நின்றுவிடும். நான் அதைக் கவனித்தேன். வெயில் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

படப்பைப் பண்ணை வீட்டை அவளோடு வேலை பார்க்கும் ரூக்சார் சொன்னாள். காலையில் போய்ச் சாயங்காலம் வரை இருக்கலாம். ஒரு அறை, ஒரு வேப்பமரம், ஒரு நீச்சல் குளம். பைக்கில் மண்ணிவாக்கம் வழியாகப் போனோம். படப்பை மார்க்கெட்டில் பிரியாணி பார்சல் வாங்கிக்கொண்டோம்.

கேட்டைத் திறந்தவர் பொன்னுசாமி. இடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஐம்பது வயதிருக்கும்.

"இன்னா சார், இந்த வெயில்ல வண்டில வந்துகினு கீறீங்க? கருவாடா பூடுவீங்க."

"பூல் ஆழமாண்ணா?" என்று அபி கேட்டாள்.

"நாலரை அடிதாம்மா. முழுவணும்னாக்கூட முட்டி போட்டாத்தான் முடியும்."

அபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பொன்னுசாமி கேட் பக்கத்தில் இருந்த தன் ஷெட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் தண்ணீரில் இறங்கினோம். மேல்தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். அபி குளத்தின் நடுவில் சட்டென்று நின்றாள்.

"ஜோஷ், இங்க மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு."

போய் நின்று பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நிஜமாகவே சில்லென்று இருந்தது. நாலு புறமும் வெந்நீர். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு மட்டும் குளிர்.

"கீழ பைப்பு வருதோ என்னவோ."

அவள் ஓரத்துக்கு நகர்ந்தாள். அங்கே நின்று கீழே குனிந்து பார்த்தாள்.

"இப்ப இங்க இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை.

கரை ஏறிவிட்டோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பிரியாணியைச் சாப்பிட்டோம். குளத்தைச் சுற்றிக் கடப்பாக்கல் பதித்திருந்தார்கள். கால் வைக்க முடியாத சூடு. எங்கள் ஈரத் தடங்கள் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தன.

ஒரு ஜோடித் தடம் மட்டும் காயவில்லை.

குளத்துப் படிக்கட்டிலிருந்து வெளியே வந்திருந்தது. அறைப் பக்கமாகப் போயிருந்தது. என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். நான் அறைப் பக்கம் போகவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சாப்பிட்டதும் கண் சொருகியது. "கொஞ்சம் படுக்கறேன்" என்றேன்.

"தூங்கவா இவ்ளோ தூரம் வந்த?"

"அரை மணி நேரம், அபி."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி போ. நான் கால மட்டும் தண்ணில வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள்.

கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தேன். படுக்கும்போது மணி இரண்டே முக்கால். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு செம்போத்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

ஃபேன் சத்தம் நின்றிருந்தது. பறவையும் நின்றிருந்தது. கண் மூடியிருந்தாலும் பக்கத்தில் ஆள் நிற்பது தெரியுமே, அப்படித் தெரிந்தது. கட்டிலை ஒட்டி. வீட்டில் அபி தினமும் நிற்கும் அதே பக்கத்தில்.

கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. சில்லென்று.

ஒரு குரல் கேட்டது. பயமுறுத்தும் குரல் இல்லை. கடையில், "இத எடுத்துக்கவா சார்?" என்று மரியாதையாகக் கேட்பார்களே... அப்படி.

"அபிய நான் எடுத்துக்கட்டுமா?"

"ம்" என்றேன்.

"நிஜமாவா?"

"ம்."

"சரி."

ஈரக் கால்கள் நடந்துபோகும் சத்தம். சளக்... சளக்... சளக்...

கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி என் மூளைக்கு வந்து சேர்ந்தது.

எழுந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தமே இல்லை.

தரையெல்லாம் ஈரம்.

கதவை இழுத்தேன். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். திறந்துகொண்டது.

வெளியே வெயில் கண்ணைக் குருடாக்கியது.

"அபி!"

குளத்துப் பக்கம் ஓடினேன்.

குளத்தங்கரையில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது. தண்ணீரில் ஒரு அலைகூட இல்லை. கண்ணாடி மாதிரி.

அடியில் உட்கார்ந்திருந்தாள்.

கிடக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி. கண்கள் திறந்திருந்தன. முடி மேலே எழும்பி நின்றது.

இடது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது.

யாரோ பிடித்திருப்பது போல.

குதித்தேன். குளம் முழுக்க ஐஸ். மூச்சு நின்றுவிட்டது. அவள் தோளைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

இன்னும் இழுத்தேன். அந்தப் பக்கமிருந்தும் ஏதோ இழுத்தது.

தண்ணீருக்குள்ளேயே வாயைத் திறந்து கத்தினேன். வேண்டாம்... இல்லை... நான் சொல்லவில்லை... குமிழிதான் வந்தது.

சட்டென்று பிடி விட்டது.

தோற்றுப்போய் விட்டதாகத் தெரியவில்லை. எங்கே போய்விடப் போகிறது என்று ஒரு பொருளைக் கீழே வைப்பார்களே, அந்த மாதிரி மெதுவாக.

என் சத்தம் கேட்டுப் பொன்னுசாமி ஓடிவந்தார். இரண்டு பேரும் அவளைக் கரையில் தூக்கிப் போட்டோம். குப்புறத் திருப்பி முதுகில் தட்டினார். அபி தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். என்னைப் பார்த்து, "தூங்கிட்டேனா?" என்று கேட்டாள்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வெயிலில் பிரஷர் இறங்கி மயக்கம் போட்டிருக்கும், சமயத்தில் தூக்கியதால் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார். ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள்.

மறுநாள் பைக்கை எடுக்கப் பண்ணை வீட்டுக்குப் போனேன். பொன்னுசாமியைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"இங்க யார் செத்தது? உண்மைய சொல்லுங்க."

"யோவ், கைய எடு சார். பேஜார் பண்ணாத." அவருக்கு நிஜமாகவே கோபம். "பூலு தோண்டி ஒரு வருசம்கூட ஆவல. அதுக்கு முன்னால இது கத்திரிக்கா தோட்டம். எங்க அக்காதான் பறிக்கும். ஒருத்தரும் சாவல. வாரம் தவறாம ஆளுங்க வந்துகினுதான் கீறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. உங்களுக்குத்தான் சார் இப்டி ஆச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து டீக்கடையிலும் கேட்டேன், வயலில் இருந்தவர்களிடமும் கேட்டேன். அந்த இடத்தைப் பற்றி யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

ஆறு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம், அபி காபியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அது பூல்ல இருந்தது இல்ல, ஜோஷ். நம்ம வீட்டுல இருந்தது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

நான் நைட் ஷிஃப்ட் போக ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்தே அது வருகிறதாம். சேலையூர் வீட்டில் வந்ததாம். வீடு மாறியும் வந்ததாம். தினமும் ராத்திரி, அவள் கண் அசரும் நேரத்தில், கட்டில் பக்கத்தில் நிற்குமாம்.

"வந்து என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. கேக்கும். 'ஜோஷ நான் எடுத்துக்கட்டுமா'ன்னு. நான் வேண்டாம்னு சொல்லுவேன். போயிடும். ஒரு நாள்கூட தவறாம சொல்லுவேன். அசந்து தூங்கிட்டா எங்க வாய் தவறி வேற ஏதாவது சொல்லிடுவேனோன்னு முழுசா தூங்கினதே இல்ல. நாலு வருஷம்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்ப. நீ ராத்திரில வீட்டுல இருந்தா வராதுன்னு நினைச்சேன். அப்பவும் வந்துச்சு. அப்புறம் லீவு நாள்ல, நீ பகல்ல தூங்கும்போதும் வர ஆரம்பிச்சது. அதான் உன்ன இழுத்துக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சேன். வெளிய வந்தா வராதுன்னு நினைச்சேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு உங்கிட்ட ஏதாவது கேட்டுச்சா?"

"இல்ல" என்றேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். முகத்தில் நாலு வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

"போன சனிக்கிழமைலேர்ந்து அது வரவே இல்ல, ஜோஷ். ஒரு தடவகூட கேக்கல. போயிடுச்சுன்னு நினைக்கிறேன். எவ்ளோ நிம்மதியா தூங்கறேன் தெரியுமா? நாளைக்கு எங்கயும் போக வேண்டாம். வீட்டுலயே இருக்கலாம்."

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துத் தூங்கிவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அது ஏன் இப்போது கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய இன்னொரு கை போர்வைக்கு வெளியே, கட்டிலின் அந்தப் பக்கமாக நீண்டிருந்தது.