ராய்ஸ் வண்டியைப் போலவே

என் தம்பி வெர்லின் யாருடைய வீட்டைப் பார்த்தும் பொறாமைப்பட்டதில்லை. யாருடைய சம்பளத்தைப் பார்த்தும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியும் அவன் வயிறு எரிந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ராய்ஸ் கெட்னரின் ப்யூக் கார் பின்னால் விட்டுப்போகிற சத்தம்.

இந்தியானாவில் எங்கள் ஊரில் கோடைக்கால வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஐஸ்கிரீம் கடை முன்னால் கூடுவார்கள். வண்டியை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார வேண்டியது. வருகிற வண்டிகளைப் பார்ப்பதும் கேட்பதும்தான் அப்புறம் வேலை. ராய்ஸ் இரண்டு தெரு தள்ளி வரும்போதே நாற்காலிகள் திரும்பும். ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தாலும் துடைக்க மாட்டார்கள். வெர்லினின் 1966 ஓல்ட்ஸ்மொபில் வந்தாலோ வாயில் போட்டதை மெல்வதைக்கூட யாரும் நிறுத்துவதில்லை.

இத்தனைக்கும் வெர்லினின் வண்டிதான் சுத்தம். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் இருக்கைகளை நான்தான் தைத்தேன். கார் சீட் தொழிற்சாலையில் வேலை பார்த்த கை இது, ஒரு தையல்கூடக் கோணாது. மற்றதெல்லாம் அவன் வேலை. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கியர் ஆலைக்குப் போனவன், ஓய்வு பெறும்வரை ஒரே யந்திரத்தில் நின்றவன். ஒரு விவசாயியின் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த காரை வாங்கி வந்து, கதவு இடுக்கில்கூடத் தூசி இல்லாதபடி ஆக்கினான். சத்தம் மட்டும் அவன் கையில் இல்லை.

ஏப்ரலில் சர்ச்சுக்குப் போகிற வழியில் சைலன்சர் துருப்பிடித்துக் கழன்று, ரோட்டில் தீப்பொறி பறக்க இழுபட்டது. வெர்லின் இறங்கிக் குனிந்து பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"எதுக்கு இளிக்கிறே?" என்றாள் அவன் மனைவி டோரீன்.

"புதுசு போட்டுத்தானே ஆகணும்!"

"எதை வேணா போடு. செப்டம்பர்ல கல்யாண நாளுக்கு மிச்சிகன்ல இருக்கிற பெரிய தொங்கு பாலத்துக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கே. ரேடியோ போட்டுக்கிட்டு. அதை மட்டும் மறந்துடாதே."

"மறப்பேனா?" என்றான்.

மறக்கவில்லை. ஆனால் முதலில் ஒரு காரியம் செய்தான். அடுத்த வெள்ளிக்கிழமை, ராய்ஸ் சாண்ட்விச் வாங்கப் போன நேரம் பார்த்து, அவனுடைய ப்யூக்குக்குக் கீழே தவழ்ந்து போய்விட்டான். விரல்களால் சுற்றிப் பிடித்துப் புகைக்குழாயின் பருமனை அளந்தான். சைலன்சரில் பொறித்திருந்த எண்ணை மனப்பாடம் செய்தான். வெளியே வரும்போது எதிரே ராய்ஸின் செருப்பு.

"என்னடா தொலைச்சே?"

"சாவி."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

எங்கள் ஊரில் சைலன்சர் போடுகிறவர் லூப்பே. வெர்லின் அங்கே மடக்கு நாற்காலியோடு போய், செப்டம்பர் பயணத்தையும் சொன்னான். நடைபாதையில் அதைப் போட்டுக்கொண்டு, பட்டறையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வண்டியையும் கண்ணை மூடிக் கேட்டான். லூப்பே இரண்டு வகை காட்டினார். ஒன்று, வண்டி புதிதாக வந்த காலத்தில் இருந்த மாதிரி, உள்ளே அறை அறையாகத் தடுத்து சத்தத்தை அமுக்குவது. இன்னொன்று, புகை தடையில்லாமல் நேராக ஓடுகிற உறுமல் ரகம். ராய்ஸ் வண்டியில் இருப்பது.

"அண்ணே, பாலத்துக்கு வண்டிக்குள்ள உக்காந்து போவீங்களா, இந்த நாற்காலியிலயா?" என்று கேட்டார் லூப்பே.

"நீ போடுப்பா."

போட்டார். அந்த வெள்ளிக்கிழமை வெர்லின் வந்தபோது வரிசையாக நாற்காலிகள் திரும்பின. நான் அங்கேதான் இருந்தேன்; எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. அவன் இறங்கி ஓடிவந்தான்.

"எப்படி இருந்துச்சு?"

"அசல் ராய்ஸ் வண்டி மாதிரியே! கண்ணை மூடிக்கிட்டா அவன்தான் வர்றான்னு நினைப்போம்" என்றார்கள்.

அவன் முகம் சுருங்கியது. அங்கே திரும்பாதவன் ஒருவன்தான். ராய்ஸ், தன் சாண்ட்விச்சிலேயே கவனமாக இருந்தான்.

ஜூனில் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, கூரை போட்ட பழைய மரப் பாலங்களைப் பார்க்கப் போனோம். நெடுஞ்சாலையில் வேகம் ஏறியதும் வண்டிக்குள் ஓர் இரைச்சல் கிளம்பியது. வெளியே உறுமலாகக் கேட்டது உள்ளே மண்டைக்குள் பீப்பாய் உருட்டுவதுபோல் இருந்தது. டோரீன் ரேடியோவை முழுதாகத் திருகினாள். ஒன்றும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"திரும்பறப்போ இதுல வர மாட்டேன்."

ராய்ஸ் மனைவியை இழந்தவன். அவன் பக்கத்து இருக்கை காலி. டோரீன் அதில் ஏறிவிட்டாள்.

நானும் வெர்லினும் ப்யூக்குக்குப் பின்னாலேயே வந்தோம். எனக்குக் காதில் பஞ்சு. முன்வண்டியின் பின்கண்ணாடியில் டோரீனின் தலை மெல்ல அசைந்தது.

வெர்லின் கத்தினான். "அக்கா, அவ பாடுறாளா?"

"உதடு அசையுது."

"நம்ம வண்டியில பாடினதே இல்லையே!"

"பாடினா யாருக்குடா கேக்கும்?" என்று நானும் கத்தினேன்.

வீடு வரை அவன் அந்தப் பின்கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தத்துக்காகப் பட்ட பொறாமை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

வாசலில் டோரீன் சொன்னாள்: "அவர் வண்டிக்குள்ள இரைச்சலே இல்ல. பின் சக்கர அச்சுக்கு மேல ரெண்டு குட்டி சைலன்சர் ஒளிஞ்சிருக்காம், உள்ளே வர்ற இரைச்சலை மட்டும் தின்னுடுமாம். 'சாவி தேடினப்போ பார்த்திருப்பான்னுல்ல நினைச்சேன்'னார்."

அந்த இரண்டையும் மாட்டினால் தீர்ந்தது என்றார் லூப்பே. வெர்லின் ஒப்பவில்லை.

"மறுபடியும் அவனைப் பார்த்துக் காப்பியடிக்கிறதா? பழைய மாதிரியையே போடு. டோரீன் உள்ளே உக்காந்து கேட்டுச் சரின்னு சொல்லட்டும்."

கழற்றுவதற்கு முன் ஓர் ஆசை மட்டும் சொன்னான். தன் வண்டி போடும் அந்தச் சத்தத்தை அவன் வெளியிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டோரீன் ஓட்ட, அவன் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவள் கடந்து போனபோது பட்டறை ஆட்கள் சீட்டியடித்தார்கள். அவளும் கையசைத்துவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு சுற்று வந்தாள்.

"அவளைப் பார்த்து எதுக்குச் சீட்டியடிக்கிறாங்க? வண்டி என்னோடது!" என்றான் வெர்லின்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நாற்காலியும் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்துத் தற்செயலாகப் பக்கத்தில் பார்த்த ராய்ஸ், "எப்படா வந்தே? கேக்கவே இல்லையே!" என்றான். வெர்லின் இதை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டான், கோப்பை வாங்கியவன் மாதிரி.

செப்டம்பரில் மிச்சிகன் பாலத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் ரேடியோ, டோரீனின் பாட்டு. ஒரு சிக்னலில் பக்கத்து வரிசையில் ஒரு சிவப்பு கார் வந்து நின்று உறுமியதாம். வெர்லினின் தலை தானாகத் திரும்பியது. கழுத்தை எக்கி அதன் குழாயைத் தேடினான்.

டோரீன் பாட்டை நிறுத்தாமல் அவன் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

"பச்சை விழுந்துருச்சு. போ."

போனான்.