முத்தலிப்பின் கைக்கயிறு

மாங்கேணிக்கு அப்பால் றோட்டு ஒடுங்கிப்போகும் ஓரிடத்தில், ஒருநாள் பகலில் மரம் ஏற்றி வந்த லொறிக்கு எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டிக் கூடாரத்துக்குள்ளே சீதேவிப்பிள்ளை என்றொரு பெண் பிள்ளைப்பேற்று நோவில் கிடந்து முனகினாள். மாடுகளோ லொறியை அதற்குமுன் கண்டதில்லை. இரைச்சல் கேட்டதும் நுகத்தை முறித்துக்கொண்டு காட்டுக்குள் பாயப் பார்த்தன.

லொறிச் சாரதி முத்தலிப் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த லொறியை நடுவழியில் நிறுத்துவது லேசான காரியமல்ல. மறுபடி உயிர்ப்பிக்க முன்னால் இரும்புக்கம்பியைக் கொடுத்துத் தோள் கழலுமட்டும் சுழற்ற வேண்டும். அதனால் மற்றச் சாரதிமார் மாட்டுக்காரனைத்தான் ஏசி ஒதுக்குவார்கள். இவர் இறங்கிப் போனார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வெருண்ட மாட்டின் கண்ணை மறைத்தார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்து லொறியைத் தாண்டும்வரை வண்டியை நடத்திக்கொண்டு போய்விட்டார். கூடாரத்துக்குள் ஒருதரம் கூட எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கம்பியைச் சுழற்றத் தொடங்கினார்.

இதை ஊரில் சொன்னவன் அவருடைய மச்சினன் பக்கீர். முத்தலிப்பிடம் கேட்டவர்களுக்கு, "மாடு வெருண்டா நமக்கும்தானே கரைச்சல்" என்றதுதான் பதில்.

முத்தலிப்புக்கு ஊர் ஏறாவூர். உலக யுத்தம் நடந்த காலம் அது. பட்டாளத்துக்குப் பாலமும் துறையும் கட்ட மரம் போதாமல் இருந்தது. வாகரைக் காட்டில் வெட்டிய பாலை மரங்களை வாழைச்சேனை ரயிலடிக்கு இழுத்து வருவது அவருடைய வேலை. சிறிய மரமென்றால் லொறியின் தட்டிலேயே கிடக்கும். நெடுமரத்துக்கு அது போதாது. மரத்தின் தலை லொறியில் இருக்கும். வால் இரண்டு சில்லு வைத்த ஒரு பின்வண்டியில் இருக்கும். லொறிக்கும் பின்வண்டிக்கும் நடுவே வேறு தொடுப்பில்லை, அந்த மரமேதான் தொடுப்பு. இரண்டு முனையிலும் சங்கிலி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு சங்கிலி தளர்ந்து, அந்த நேரம் பார்த்துச் சாரதி பிரேக்கை மிதித்தால் போதும், லொறி நிற்கும், மரம் நிற்காது. நேரே முன்னுக்கு ஓடிவந்து சாரதியின் முதுகில்தான் நிற்கும்.

அதனால் மரத்தின் வாலில் ஓர் ஆள் குந்தியிருந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். அந்த ஆள் பக்கீர். முன்னால் இருப்பவருக்கு அவன் கத்தினாலும் கேளாது. ஆகவே மரத்தின் நீளத்துக்கு ஒரு கயிறு ஓடும். ஒரு முனை பக்கீரின் கையில், மறுமுனை முத்தலிப்பின் இடது முழங்கைக்கு மேலே கட்டியிருக்கும். வெடுக்கென்று இரண்டு இழுப்பு இழுத்தால் 'நில்' என்று அர்த்தம். விடாமல் நீட்டி ஒரே இழுப்பு இழுத்தால், 'சங்கிலி தளர்ந்துவிட்டது, பிரேக்கில் காலை வையாதே, தன்பாட்டில் ஓய்ந்து நிற்கவிடு' என்று அர்த்தம்.

இந்தக் கயிற்றைக் கண்டு சிரிக்காத ஆளில்லை. ரயிலடியில் மரம் பொறுப்பேற்கும் பிரடெரிக் ஐயா ஒவ்வொரு தரமும் கேட்பார்.

"என்ன முத்தலிப், இண்டைக்கும் மச்சினன் உன்னக் கட்டித்தான் மேய்க்கிறானா?"

"ஓம் ஐயா, அவிழ்த்து விட்டா ஆர்ட வேலியையும் பிரிச்சிருவன் எண்டு பயம் அவனுக்கு."

முத்தலிப் சிரித்துவிட்டுப் போவார். பக்கீருக்குச் சிரிப்பு வராது. அவன் உம்மா வாப்பா இல்லாமல், ராத்தா என்று கூப்பிடும் தன் அக்கா நபீஸாவின் கையில் வளர்ந்தவன். அந்த ராத்தாவின் மாப்பிள்ளை முத்தலிப் லொறியின் முன்னால், அவளுடைய ஒரே தம்பி பின்னால். ஒரு சங்கிலியின் பிழையில் அவளுக்கு உலகத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் போகலாம், இரண்டு பேருமே போகலாம். வெள்ளனவே அவர்கள் புறப்படும்போது நபீஸா காவலுக்கென்று ஆயத்துல் குர்ஸி ஓதி இருவர் நெஞ்சிலும் ஊதுவாள். பிறகு தம்பியை மட்டும் வேலிப்பக்கம் கூப்பிடுவாள்.

"உன்ட கண்ணு சங்கிலில இரிக்கணும் மனே. அவரு முன்னுக்குப் பாத்துத்தான் ஓட்டுவாரு, முதுகுக்குப் பின்னால கண்ணில்ல. கண்ணு நீதான்."

"ஓம் ராத்தா."

"ஓம் ஓம் எண்டு போட்டுக் குரங்கு பாத்துக்கிட்டு வராத."

பக்கீர் குரங்கு பார்த்ததேயில்லை. சங்கிலியைப் பார்த்துப் பார்த்துக் கண்ணை மூடினாலும் அதே வளையங்கள்தான் தெரிந்தன. சோறு தின்னும்போது யாராவது பாத்திரத்தைத் தட்டினால் சங்கிலி அறுந்ததென்று துள்ளுவான். இந்தப் பயத்தை அவன் மச்சானிடம் சொன்னதில்லை. சொன்னால் தன்னை வாலிலிருந்து இறக்கிவிடுவார், வேறெவனோ வந்து குந்தி உண்மையாகவே குரங்கு பார்ப்பான், அது இன்னும் பெரிய பயம்.

ஒரு மார்கழி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அன்று ஏற்றியது நல்ல பருத்த பாலை மரம். பனிச்சங்கேணியில் நீரைக் கடக்க வேண்டும். அங்கே பாலமில்லை, பாதைதான். பாதை என்றால் இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை, கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரை சேர்ப்பார்கள். மரத்தோடு லொறியை அது தாங்காது. எனவே லொறி தனியாக, பின்வண்டி தனியாக. பாலை மரம் பச்சையில் மிதக்காது, அடியில் போய்விடும். அதை இரண்டு தோணிகளுக்கு நடுவே தொங்கக் கட்டி, தண்ணீருக்குள்ளேயே அக்கரைக்குக் கொண்டுபோவார்கள்.

அக்கரையில் ஆட்கள் சேர்ந்து மரத்தை மறுபடி உருட்டி ஏற்றினார்கள். தண்ணீரில் ஊறிய மரத்துக்கு ஒரு முறை உண்டு. சங்கிலி விழும் இடத்தில் பட்டையைக் கோடரியால் சீவிவிட்டுத்தான் கட்டவேண்டும். ஊறிய பட்டை பிறகு உரிந்து வழுக்கும், சங்கிலி தளரும். பக்கீர் தலைப்பக்கம் சீவினான். வாலுக்கு வரும்போது கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதைக்காரன் சீனித்தம்பி கையை வீசினான்.

"பக்கீரு, மரத்துக்குச் சவரம் செஞ்சது போதும், மாப்பிள்ளையா அது! மழ விழுந்தா மதகுக்கு மேலால தண்ணி பாயும். மறுகா உங்கட லொறி இங்கதான் கிடக்கும், நானா சோறு போடுற?"

வால்பக்கத்தை அவன் பாதி சீவினான். பாதி போதும் என்று நினைத்துச் சங்கிலியை இறுக்கினான். அவன் இறுக்குகையில் முத்தலிப் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொண்டதையும் கண்டான். அந்த மட்டும் மனம் சமாதானமாயிற்று.

அவன் காணாதது அதற்குப் பிறகு நடந்தது. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. வழியில் எங்கே நிற்கக் கிடைக்குமோ என்று முத்தலிப் நீர்க்கரையிலேயே தொழுதுவிட்டுப் போக நினைத்தார். தொழுமுன் வுளூச் செய்ய முழங்கைவரை கழுவவேண்டுமே. சட்டைக் கையைச் சுருட்டினார், கயிற்றை அவிழ்த்தார், லொறியின் இருக்கையில் போட்டார். தொழுது முடித்து ஸலாம் கொடுக்கும்போது முதல் துளிகள் முதுகில் விழுந்தன. எழும்பி ஓடிவந்தார். கம்பியைச் சுழற்றினார், ஏறினார், போனார். எத்தனையோ மாதமாக ஒருநாளும் மறவாத கயிறு இருக்கையில் அவருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. படைத்தவனை நினைத்து வந்த மனிதனுக்கும் மறதி வரும், மனிதன் என்றால் அதுதானே.

வாலில் குந்தியிருந்த பக்கீருக்கு மழை முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சங்கிலியைப் பார்த்தான். கொஞ்சத் தூரத்தில் பட்டை ஒரு விரலளவு கிளம்பியது. பிறகு ஒரு கையளவு. பிறகு ஊறின பட்டை முழுவதும் பாம்பு சட்டை கழற்றுகிற மாதிரிக் கழன்று றோட்டில் விழுந்தது. சங்கிலி தொய்ந்தது.

பக்கீர் கயிற்றை நீட்டி இழுத்தான்.

கயிறு வந்தது. மறுமுனையில் எந்தப் பாரமும் இல்லாமல், கிணற்றில் வாளி கழன்ற கயிறு வருகிற மாதிரி, அவன் மடியில் வந்து சுருண்டது.

தலையை நிமிர்த்திப் பார்த்தான். முன்னால் றோட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. இறக்கத்தின் அடியில் மதகு. மதகுக்குக் கிட்டே றோட்டு கிறுகி வளையும். அந்த இடத்தில் மச்சான் எப்போதும் பிரேக்கை மிதிப்பார். இன்றைக்கும் மிதிப்பார்.

"மச்சான்! மச்சான்!"

மழையும் இயந்திரமும் அவன் குரலை விழுங்கின. குதித்தால் அவன் பிழைத்துக்கொள்வான். மணல் றோட்டு, லொறியும் வேகமில்லை. குதிக்கலாம் என்ற நினைவு வந்ததை அவன் பின்னாளிலும் மறைக்கவில்லை. "யா அல்லாஹ்" என்றான். மரத்தில் குப்புறப் படுத்தான். இரண்டு தொடையாலும் மரத்தை இறுக்கிக்கொண்டு தவழ்ந்தான்.

பட்டை போன மரம் எண்ணெய் பூசினதுபோல் இருந்தது. கீழே லொறிக்கும் பின்வண்டிக்கும் இடையில் வெறும் றோட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் சில்லு விழுந்ததும் மரம் அவனுக்குக் கீழே அசைந்து ஒரு சாண் முன்னுக்குப் போனது. அந்த அசைவை அவன் நெஞ்செலும்பில் உணர்ந்தான். ராத்தா ஓதி ஊதின நெஞ்சு. ஓர் இடத்தில் கால் வழுக்கித் தொங்கிவிட்டான். கழலாமல் மிஞ்சியிருந்த பட்டையில் நகத்தைக் கொடுத்து மறுபடி ஏறினான். நகம் ஒன்று அங்கேயே போய்விட்டது.

மதகின் வெள்ளைக் கல் தெரிந்தது. அவன் கை சாரதியின் பின்பலகையை எட்டியது. இரண்டு கையாலும் அடித்தான்.

"மச்சான் பிரேக்க மிதிக்காதீங்க! மிதிக்காதீங்க! சங்கிலி போயிட்டு!"

பிரேக்குக்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது. முத்தலிப் திரும்பிப் பார்க்கவில்லை, கேள்வி கேட்கவில்லை. மதகை விட்டு ஓட்டும் வளையத்தை ஒடித்துத் திருப்பி, றோட்டின் இடப்பக்கம் கடல்மணல் குவிந்து கிடந்த இடத்துக்குள் லொறியை இறக்கினார். சில்லுகள் புதைந்தன. லொறி உறுமியது, முனகியது, மெல்ல மெல்லத் தன்பாட்டில் ஓய்ந்தது. அப்படியிருந்தும் மரம் கொஞ்சம் வந்தது. பின்பலகை வெடித்துப் பிளந்தது. மரத்தின் தலை முத்தலிப்பின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பக்கீர் உருண்டு மணலில் விழுந்தான்.

 முத்தலிப் இறங்கி வந்தார். தன் இடது கையைப் பார்த்தார். சட்டைக் கை இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

"கயிறு கட்டல்ல நான்" என்றார்.

"நானும் பட்டைய ஒழுங்காச் சீவல்ல மச்சான்."

"நீ ஏன்டா குதிக்கல்ல?"

"மரம் உங்கட முதுகுக்குத்தானே வந்த."

"என்ட முதுகு கிடக்கட்டும்! நீ இடையில விழுந்திருந்தா பின்சில்லு உனக்கு மேலால போயிருக்கும். உன்ட ராத்தாட முகத்த நான் எப்புடிடா பாக்கிற?" என்று அதட்டினார். அதட்டிக்கொண்டே அவனைக் கட்டிப்பிடித்தார். அவர் உடம்பு நடுங்குவதைப் பக்கீர் அப்போதுதான் முதன்முதலாக அறிந்தான். இவ்வளவு காலமும் பயந்தது தான் ஒருவன் மட்டுமல்ல என்று அவனுக்கு விளங்கியது.

வீட்டில் நபீஸாவிடம் யார் சொல்வதென்று பக்கீர் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தான். முத்தலிப் வாசலிலேயே சொல்லிவிட்டார். தன் மறதியை முதலில் சொன்னார், பட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பக்கீர் தானே வாய்திறந்து அதையும் சொன்னான்.  நபீஸா தம்பியின் நகம் போன விரலைத் தன் முந்தானையால் சுற்றினாள்.

"இனி ரெண்டு பேரும் ஒரு மரத்துல போகக்கூடாது. ஆரு இறங்குறெண்டு நீங்களே முடிவெடுங்க" என்றாள்.

"அவன் இறங்கட்டும்" என்றார் முத்தலிப்.

பக்கீர் எவ்வளவு மன்றாடியும் அவர் அசையவில்லை. அடுத்த நாளிலிருந்து வேறொருவன் வாலில் ஏறினான். பக்கீர் ரயிலடியில் மரம் இறக்கப் போனான். லொறி வரப் பிந்தினால் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருப்பான். பிரடெரிக் ஐயா பகிடிக்கு வாயெடுப்பார், அவன் முகத்தைக் கண்டு மரத்தை எண்ணப் போய்விடுவார். காலம் கொஞ்சம் போக, மரம் இழுக்க இன்னொரு லொறி வந்தபோது சாரதி வேலை பக்கீருக்குக் கிடைத்தது.

முத்தலிப்பை மரம் கொல்லவில்லை. காட்டுக் காய்ச்சல்தான் கொண்டுபோனது. யுத்தம் முடிகிற காலத்தில் திரும்பத் திரும்ப வந்த காய்ச்சலில் ஆள் உருகி, மட்டக்களப்பில் புளியந்தீவு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று மட்டக்களப்புக்கு இரண்டு மரம் கொண்டுவந்த பக்கீர், ஒன்றை இறக்கிவிட்டு மற்றது லொறியில் இருக்கும்போதே அவரைப் பார்க்க ஓடினான். நபீஸா கட்டிலடியில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். அவன் போய்க் கையைப் பிடித்ததும் முத்தலிப் கண் திறந்தார். கையில் எலும்புதான் இருந்தது.

"லொறியிலயா வந்த?"

"ஓம் மச்சான்."

"மரத்தோடயா?"

"ஓம். வெளியில நிக்கிது. நான் இண்டைக்கு உங்களோட இருக்கப்போறன் மச்சான், லொறிய மத்தவங்க பாத்துக்குவாங்க."

"வாலுல ஆரு?"

"ஓட்டமாவடி இப்றாஹிம். புதுசு."

முத்தலிப் மூச்சை இழுத்துக்கொண்டார். சன்னலுக்கு வெளியே வாவிக்கு மேலே மழை இருட்டிக்கொண்டு வந்ததை ஒருதரம் பார்த்தார். பிறகு பக்கீரின் கையைத் தன் கையிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டார்.

"அப்ப இங்க என்னத்துக்கு நிக்கிறாய்? அவன் தனிய மரத்துல குந்திக்கிட்டு நீ வாற வழியப் பாத்துப் பயந்துக்கிட்டு இருப்பான். போ மனே. மெல்லப் போ."