மடிப்பு கலையாதவர்

பேருந்து வரிசையில் இவர் தனக்கு முன்னால் நிற்பவரின் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். முன்னால் நிற்பவர் யாரென்று இவருக்குத் தெரியாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறதென்று அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்பினால், "ஒண்ணுமில்லீங்க, உள்ள மடங்கியிருந்துச்சு. ஒரே இழுப்பு, சரியாயிடுச்சு" என்பார். சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு வகையினரையும் இவர் ஒரே முகத்தோடுதான் பார்ப்பார்.

தொழில், துணி தேய்ப்பது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் தெளிக்க மூடியில் துளை போட்ட ஒரு பாட்டில். கடை என்று பார்த்தால் அவ்வளவுதான். மேசைக்கு நேர் மேலே படி தாழ்வாக இறங்குவதால் எப்போதும் கொஞ்சம் தலையைச் சாய்த்தபடிதான் நிற்பார். வெளியே வந்த பிறகும் அந்தச் சாய்வு போகாது. எதிரில் பேசுகிறவர்கள் தாங்கள் சொல்வதை இவர் நம்பவில்லையோ என்று சந்தேகப்படுவார்கள். கட்டடத்தில் எல்லோரும் இவரை 'மடிப்பு' என்றே கூப்பிடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் 'மடிப்பு மாமா'. இவருடைய உண்மையான பெயரைக் கேட்டால் வீட்டுக்காரம்மாவே ஒரு நொடி யோசிக்கக்கூடும்.

சுருக்கம் எங்கே இருந்தாலும் இவருக்கு ஆகாது. பஸ் டிக்கெட்டைத் தொடையில் வைத்து நீவுவார். மகள் பள்ளியில் வரைந்த படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இஸ்திரி போட்டுத்தான் சுவரில் ஒட்டுவார். கரண்ட் பில்லைக்கூட ஒரு தடவை தேய்த்துக் கொண்டுபோய்க் கட்டினார். அதனால் எந்த நஷ்டமும் வரவில்லை. பின்னால் நடந்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

தன் சட்டையைப் பற்றி இவருக்கு ஒரு கொள்கை உண்டு. "டாக்டர் இருமினா பேஷன்ட் நம்புவானா? நான் கசங்கிப்போய் நின்னா யாரு துணி கொடுப்பா?" ஆகவே சட்டையில் ஒரு கோடு கலையாது. மகளைத் தூக்கும்போதுகூட, அக்குளில் கை கொடுத்து, உடம்பில் படாமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார், ஹேங்கரில் மாட்டிய துணியைக் கொண்டுபோவது போல. குழந்தை தோளைப் பிடிக்கக் கை நீட்டினால், "சட்டையைப் பிடிக்காதடா கண்ணு, கசங்கிடும்" என்பார். ஏழு வயதாகிறது அவளுக்கு. அப்பா தூக்கினால் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகப் பழகிவிட்டது. தன் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்வாள்.

அந்தப் பிள்ளைக்குத்தான் காலில் வந்தது. விளையாடும்போது விழுந்தாள், வீங்கியது, காய்ச்சல் விடவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். ஒரு ஆபரேஷன் ஆனது. சேமிப்பும் மனைவியின் காதில் கிடந்ததும் அதோடு போயிற்று. அது முடிந்ததும் டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"ஒரே இழுப்புல சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

டாக்டருக்குப் புரியவில்லை. "இதோட குணமாயிடுமான்னு கேக்கறாரு" என்று மனைவி விளக்கினாள்.

"ஆகாதும்மா. உள்ள இன்னும் இருக்கு. வர்ற திங்கக்கிழமை இன்னொரு தடவை திறந்து சுத்தம் பண்ணணும். தள்ளிப் போட்டா காலைக் காப்பாத்துறது கஷ்டம்." அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பதையும், கட்ட முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு டிரஸ்ட் அறை இருக்கிறது என்பதையும் அவரேதான் சொன்னார்.

மறுநாள் காலை டிரஸ்ட் அறைக்கு இவர் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். பெரிய இடத்துக்குப் போகிறோம், உதவி கேட்கப் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டாமா? வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட், இரண்டிலும் கை பட்டால் வெட்டிவிடுவது போன்ற கோடு. வெளியே பெஞ்சில் காத்திருந்த ஒரு பெரியவர் இவரைக் கண்டதும் எழுந்து நின்று தன் மனுவை நீட்டிவிட்டார். இவரும் வாங்கினார். ஓரத்தில் மடங்கியிருந்த முனையை நீவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தன் காரியம் பாதி முடிந்ததென்று பெரியவர் நிம்மதியாக உட்கார்ந்தார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த மேடம் இவரை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பல வருஷங்களாக அந்த நாற்காலியில் இருப்பவர்.

"யாருக்கு சிபாரிசு பண்ண வந்திருக்கீங்க?"

"என் பொண்ணுக்குங்க."

"உங்க பொண்ணுக்கா? என்ன தொழில் பண்றீங்க?"

"துணி தேய்க்கிறேங்க."

"கடை சொந்தமா?"

"மேசை சொந்தம்."

மேடம் பேனாவை வைத்தார். "வீட்டுல ரொம்பக் கஷ்டமா?"

இந்தக் கேள்வியை மட்டும் இவர் எதிர்பார்க்கவில்லை. அதுவரை யார் கேட்டாலும் 'நல்லாயிருக்கோம்' என்று சொல்லிப் பழகிய வாய். தலையைச் சாய்த்து உண்மையாகவே யோசித்தார். "கஷ்டம்னு சொல்ல முடியாதுங்க. பணம் மட்டும்தான் இல்ல."

வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது, அதைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான், முதல் ஆபரேஷனுக்கு வாங்கிய மருந்து பில் எல்லாம் அசலாக வேண்டும், நகல் செல்லாது என்று மேடம் சொன்னார். சொன்ன தோரணையில், இவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அவ்வளவாகத் தெரியவில்லை.

மாடி வார்டில் மனைவி கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "மாப்பிள்ளை மாதிரி போய் நின்னா யாருங்க நம்புவா? நாளைக்காவது ஒரு கசங்கின சட்டையைப் போட்டுட்டுப் போங்க."

"எங்கிட்ட ஏது?" என்றார் இவர். கேலி இல்லை. உண்மையிலேயே இல்லை.

பில்கள் மனைவியின் பையில் இருந்தன. பிள்ளையின் துண்டு, ஸ்பூன், பிஸ்கட் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் அடியில் அகப்பட்டு, சுருண்டு, நசுங்கி, உருண்டைகளாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து நீவிப் பார்த்தார். மறுபடியும் சுருண்டன. இவ்வளவு பெரிய உதவியை ஒருவர் செய்யப் போகிறார், அவர் கையில் இந்தக் குப்பையையா கொடுப்பது? மனிதருக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அன்று அவர் செய்ததில் வேலைச் சுத்தத்துக்குக் குறைவே இல்லை. மேசை விரிப்பைத் தட்டிப் போட்டார். பில்களை ஒன்றன் மேல் ஒன்று படாமல் வரிசையாக அடுக்கினார். பட்டுப் புடவைக்குச் செய்வது போல மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். பெட்டியின் அடியில் ஈரவிரலை வைத்து, 'சுர்' என்ற சத்தத்தின் நீளத்தை வைத்துச் சூட்டைப் பார்த்தார். மிதமான சூடு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு.

துணியை எடுத்தார். பில்கள் எல்லாம் வழுவழுவென்று தட்டையாக இருந்தன. ஒரு சுருக்கம் இல்லை. எழுத்தும் இல்லை. மேலிருந்து கீழே வரை கன்னங்கரேலென்று இருந்தன.

தீய்ந்துவிட்டதோ என்று முகர்ந்து பார்த்தார். தீய்ந்த வாசனை வரவில்லை. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. சட்டை வாங்க வந்த முதல் மாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, இது மையில அடிக்கிற பில்லு இல்ல மடிப்பு. சூட்டுல அடிக்கிறது. சூடு பட்டா மொத்தமும் கறுத்துடும்" என்றார். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை வாங்காமலே மாடியேறிப் போய்விட்டார். இவர் தன் கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடக் கருக்காத கை. பிள்ளையின் காலையே தான் தேய்த்துவிட்டது போல இருந்தது. அங்கேயே படிக்கு அடியில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மருந்துக்கடை ஆள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "திரும்ப அடிச்சுத் தர்றேண்ணே. ஆனா மேல 'டூப்ளிகேட்'னு போட்டுத்தான் வரும். டிரஸ்ட்ல தூக்கிப் போட்டுடுவாங்க."

"அசல் என்கிட்ட இருக்கு தம்பி."

"அப்புறம் என்னண்ணே?"

இவர் அசலைக் காட்டினார். கடை ஆள் அதைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை. அதே வெள்ளைச் சட்டை. மேடத்தின் மேசையில் கறுப்புத் தாள்களை ஒரு பக்கமும், நகல்களை ஒரு பக்கமும் வைத்தார். நகல்கள் சுருண்டுகொண்டே இருந்தன. அவற்றை நீவிவிடாமல் இருக்க, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன இது?"

"பில்லுங்க."

"இதுல ஒண்ணுமே இல்லையே?"

"இருந்துச்சுங்க. தேய்ச்சிட்டேன்."

"எதுக்குத் தேய்ச்சீங்க?"

"கசங்கியிருந்துச்சுங்க. அப்படியே உங்க கையில கொடுக்கிறது மரியாதை இல்லைன்னு..." முதுகுக்குப் பின்னால் இருந்த கைகளை எடுத்துக் கும்பிட்டார். "மேடம், திங்கக்கிழமை பிள்ளைக்கு ஆபரேஷன். தப்பு என்னோடது. அவ கால் என்ன பண்ணுச்சு?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்து மேடம் பார்க்காத தில்லுமுல்லு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பில்லோடு வந்தவர்கள் உண்டு, ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டு வந்தவர்கள் உண்டு. கறுப்புத் தாளோடு யாரும் வந்ததில்லை. கைப்பையைத் திறந்து, எங்கோ சோப்பு வாங்கிய ரசீது ஒன்றைத் தேடி எடுத்தார். மேசையில் விரித்தார். ஆவி பறந்துகொண்டிருந்த டீ டம்ளரைத் தூக்கி அதன்மேல் வைத்தார். இருவரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளரை எடுத்தபோது ரசீதில் வட்டமாக ஒரு கறுப்பு வளையம் விழுந்திருந்தது.

"நேத்து நீங்க சொன்னதை நான் நம்பவே இல்ல" என்றார் மேடம்.

"இப்போங்க?"

"பொய் சொல்றவங்க யாரும் இவ்வளவு மோசமா சொல்ல மாட்டாங்க."

நகல் கொடுக்கக் காரணம் என்ற இடத்தில், 'அசல் பில்கள் தகப்பனாரால் இஸ்திரி போடப்பட்டன' என்று மேடம் தன் கையால் எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கமிட்டியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். இன்னொருவர் தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். பணம் கொடுக்கலாம் என்று சாயந்திரத்துக்குள் முடிவானது. சொல்ல வந்த மேடத்துக்குக் கும்பிடு போட்ட கையோடு, "துப்பட்டாவைக் கொடுத்தனுப்புங்க மேடம், ஓரம் சுருண்டிருக்கு" என்று இவர் சொன்னதை நன்றி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேடமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "எதையும் தேய்க்காம இருந்தீங்கன்னா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஆபரேஷன் அறையின் வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. மனைவி மருந்து வாங்க ஓடியிருந்தாள். உள்ளே போகும் கட்டிலுக்கு மாற்ற, வண்டியிலிருந்து பிள்ளையை இவர்தான் தூக்கினார். பழக்க தோஷம், அக்குளில் கை கொடுத்து ஒரு சாண் தள்ளித்தான் தூக்கினார். பச்சை அங்கியில் அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

"அப்பா, உள்ள நீயும் வருவியா?"

"வெளியதான்டா கண்ணு நிப்பேன். இங்கயேதான்."

அவள் கதவைப் பார்த்தாள். திடீரென்று இரண்டு கையாலும் அவர் சட்டையின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவுடனேயே நினைவு வந்துவிட்டது. "ஐயோ, கசங்கிடும்ல?" என்று கையை வெடுக்கென்று எடுத்துத் தன் காதுகளைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ், "சீக்கிரம் சார்" என்றாள்.

அவர் பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவள் காதிலிருந்து ஒரு கையை எடுத்து, தன் வெள்ளைச் சட்டையின் மேல், பையின் மடிப்புக் கோட்டுக்கு நேராக வைத்தார். பிறகு துணி நன்றாக உள்ளே அகப்படும்படி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.