பாம்பு போர்த்திய புனிதர்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு புனிதருக்குக் கிரீடம் வைத்து ராஜாவாக்கினார்கள். படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டேன். ஆனாலும் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

திருச்செங்கோட்டில் நாங்கள் படித்த அந்தப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு முன்பு ஒரு கண்காட்சி வைப்பார்கள். அந்த முறை வகுப்புக்கு ஒரு நாடு. எங்களுக்கு இத்தாலி வந்தது. பாதிப் பேர் தெர்மாகோலில் சாய்ந்த கோபுரம் செய்தார்கள். சிலருடைய கோபுரம் நிமிர்ந்தே நின்றது. மிஸ் அதைத் தட்டிச் சாய்த்துவிட்டுப் போனார். மீதிப் பேர் பீட்சா செய்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு வசதி இருந்தது. அம்மாவின் தம்பி இத்தாலியில் இருந்தார். அப்ரூட்ஸோ என்கிற மலைப்பிரதேசத்தில், வேன் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கோபுரமெல்லாம் ஊரே செய்யும் கண்ணு. நான் ஒண்ணு சொல்றேன். இந்த நாட்டுக்காரங்களுக்கே பல பேருக்குத் தெரியாது."

அவர் சொன்னது கொக்குல்லோ என்ற சின்ன மலைக்கிராமத்தின் திருவிழா. அங்கே பழைய காலத்தில் துறவியாக வாழ்ந்த ஒரு புனிதர்தான் பாம்புக்கடிக்கும் பல்வலிக்கும் காவல். பனி உருகியதும் ஊர்க்காரர்கள் காட்டுக்குப் போய் விஷமில்லாத பாம்புகளைப் பிடித்து வந்து பத்திரமாக வளர்ப்பார்கள். மே மாதம் முதல் தேதி புனிதரின் சிலையைத் தேவாலயத்துக்கு வெளியே கொண்டுவந்து, அதன் தலையிலும் தோளிலும் கைகளிலும் அந்தப் பாம்புகளைப் போர்த்தி, தோளில் தூக்கி ஊரைச் சுற்றுவார்கள். பாம்பு நழுவி வந்து புனிதரின் கண்ணை மறைத்துவிட்டால் அந்த வருஷம் ஊருக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். பல்வலிக்காரர்கள் தேவாலயத்து மணிக்கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து மணி அடிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் பாம்புகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே அந்த மலையில் பாம்புகளுக்கென்று ஒரு பெண் தெய்வம் இருந்ததாம்.

வீடே வேலையில் இறங்கியது. தண்ணீர் பாட்டிலைச் சுற்றி நியூஸ் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி ஆள் உருவம் செய்தோம். அம்மா பிளவுஸ் துண்டுகளில் பஞ்சை அடைத்துப் பாம்புகள் தைத்தாள். ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நூலில் நாக்கு வைத்தாள். போர்வெல் போடும் ரிக் லாரி ஆபீசில் கணக்குப் பார்க்கிற அப்பா, ஒரு நாளும் பென்சில் பிடித்து ஏதும் வரைந்து நான் பார்த்ததில்லை. அவர்தான் புனிதருக்குக் கண் வரைந்தார். சாந்தமான கண்.

கண்காட்சியன்று என் மேஜை முன்னால்தான் கூட்டம். நான் மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா வந்தார். அந்த அறையில் ஏசுவைக் கும்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"பாம்புக்கடிக்கு வேண்டிக்கிறவரா பாப்பா?" என்றார். நான் ஆமாம் என்றதும் புனிதரின் காலைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு பையனின் சித்தப்பா வந்தார். செல்போனில் வீடியோ எடுத்தார். எடுத்துவிட்டு மிஸ்ஸிடம், "ஏனுங்க மிஸ், அடுத்தவங்க சாமி மேல பாம்பப் போட்டு வெச்சிருக்கீங்களே, இது கேவலப்படுத்தறது இல்லீங்களா? நாலு பேரு பார்த்தா என்ன ஆகும்?" என்றார். அடுத்தவங்க சாமிக்காக அவருக்கு வந்த கோபம் அது.

பிரின்சிபால் வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராயிங் மிஸ்ஸைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர் பாம்புகளை ஒவ்வொன்றாக உருவி மேஜைக்கு அடியில் போட்டார். நான் அழுத அழுகையில் அப்பாவையும் அம்மாவையும் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள்.

"இது மத விஷயம் சார். வீடியோ வெளியே போனா ஸ்கூல் பேரு என்ன ஆகுறது?" என்றார் பிரின்சிபால்.

"அது நிஜத் திருவிழாங்க சார். எங்க மாமா பார்த்திருக்காரு," என்றேன் நான். "நம்ம ஊரு கோயில் மலையில படியோரம் பாறையில பெரிய பாம்பு செதுக்கியிருக்குது. அதுக்குக் குங்குமம் போட்டுக் கும்பிடறோம். அது மட்டும் கேவலமில்லீங்களா?"

பிரின்சிபால் அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்து போச்சுங்க சார். மன்னிச்சுக்கோங்க," என்றார்.

என்ன தெரியாமல் நடந்தது? எல்லாம் தெரிந்துதானே செய்தோம்? கண் வரைந்தவரே அவர்தானே? ஆபீசில் முதலாளியையே எதிர்த்துப் பேசுகிறவர் என்று பெயர் வாங்கிய மனிதர், இல்லாத தப்புக்குக் கைகட்டி நின்றார். அந்த அறையில் தப்பே செய்யாதவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்க வேண்டியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெருந்தன்மையாக, "பரவால்லைங்க" என்றார்.

நாங்கள் வெளியே வந்தபோது என் மேஜையில் புனிதர் தங்கக் காகிதக் கிரீடத்தோடு நின்றார். கீழே அட்டையில் 'ரோமாபுரி ராஜா' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். துறவியின் கறுப்பு அங்கியோடு ஒரு ராஜா. யாருக்கும் அதில் எந்தக் கேவலமும் தெரியவில்லை. மாலையில் அந்த ராஜாவுக்கு இரண்டாம் பரிசு அறிவித்தார்கள். என் பெயரை மைக்கில் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். மிஸ் கையைப் பிடித்து இழுத்ததும், "அது ராஜா இல்லீங்க, எனக்கு வேண்டாம்," என்று கத்தினேன். பரிசு அடுத்த பெயருக்குப் போனது. சாய்ந்த கோபுரத்துக்கு.

அம்மா மேஜைக்கு அடியில் குனிந்து பாம்புகளைப் பொறுக்கி, தூசி தட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைக்கும் நேரத்தில் மாமா கூப்பிட்டார். நான் ஓடினேன். எனக்கு முன்பே அம்மா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மாமாவைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாத ஒன்று அம்மாவுக்குத் தெரியும். இத்தாலிக்குப் போன புதிதில் வேலை நேரம் போக அவரோடு பேச ஓர் ஆள் கிடையாது. ஊருக்கே திரும்பிவிடுவது என்று பெட்டி கட்டி வைத்திருந்தார். மே தின விடுமுறையில் சும்மா பஸ் ஏறிப் போன இடம்தான் கொக்குல்லோ. கூட்டத்தில் ஒதுங்கி நின்றவரைப் பாம்பு பிடித்திருந்த ஒரு பெண் கூப்பிட்டு, பயமா என்று சைகையில் கேட்டு, பாம்பை அவர் கழுத்தில் போட்டிருக்கிறாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்களாம். பிறகு அந்தப் பெண்ணின் வீட்டார் அவரைத் தங்கள் மேஜையில் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்து வைத்ததாக அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டது மாமாவின் கல்யாணத்தின்போது.

அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கேட்டதெல்லாம் அம்மாவின் குரல்தான்.

"உன்ற சாமியப் பார்த்து எல்லாரும் அசந்துட்டாங்க தம்பி. ஒரு அம்மா காலத் தொட்டே கும்பிட்டுச்சு. பரிசு குடுத்தாங்க. பாம்பெல்லாம் பத்திரமா இருக்குது."

நான் இரண்டு கையாலும் கதவைக் குத்தினேன். "பொய்யி, அம்மா பொய் சொல்றாங்க மாமா," என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

உள்ளே மாமாவின் குரல் கேட்டது. "ஏனக்கா, பாப்பா என்னமோ கத்தறாளே?"

"சந்தோசத்துல கத்தறா சாமி," என்றாள் அம்மா. "நீ சாப்புட்டியா, அதச் சொல்லு."