பெல்லா அண்ணியின் முதுகு

எங்கள் கரையில் பெல்லா லைலின் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். முதுகுக்கு மரியாதை கொடுப்பார்கள். விடியற்காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, என் அண்ணன் ஆடமை உப்பு மூட்டை தூக்கிப் படகில் ஏற்றுவாள். கால் நனைந்து ஏறினால் நாள் முழுக்கக் கடலில் விறைத்துக் கிடக்க வேண்டியதுதான். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலை அது.

லண்டன் ஓவியர் பெல்ஹாமுக்கு அது தெரியவில்லை. மீனவன் விடைபெறும் காட்சியை வரைந்து தரும்படி கப்பல் முதலாளி ரிட்சன் அவரிடம் சொல்லியிருந்தார். கரையில் நின்று கைக்குட்டையை ஆட்டி அழும் மனைவியாக அண்ணியை நிறுத்தி, ஒரு குளிர்காலம் முழுக்க வரைந்தார். முடித்துக் காட்டியபோது அவள் கேட்டாள்:

"நான் இங்க நின்னு அழுதுட்டிருந்தா இந்த மனுஷன் கால் நனையாம எப்படிய்யா படகுல ஏறினான்? பறந்தா?"

ஊரே சிரித்தது. பெல்ஹாம் மறுநாள் விடியற்காலையில் கரைக்கு வந்து நேரில் பார்த்தார். வரைந்த அத்தனையையும் சுரண்டிவிட்டு, அண்ணி அண்ணனைச் சுமந்து போவதாக மறுபடி தொடங்கினார். இன்னும் இரண்டு குளிர்காலம் போயிற்று. அண்ணன் முறுக்கிக்கொண்டான்.

"பொண்டாட்டி முதுகுல குந்தியிருக்கான்னு பட்டணத்துக்காரன் சிரிப்பான்டி!"

"சிரிக்கட்டும். நாளையிலேர்ந்து நீயே நடந்து போய் ஏறிக்கோ."

மறுநாளும் அவள் முதுகில்தான் படகேறினான்.

சேதி ரிட்சன் காதுக்குப் போனது. ஆணைப் பெண் சுமப்பதாவது, நடக்காத கூத்து, கைக்குட்டைக்காரி இல்லையென்றால் படமே வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

"ஒரு தடவை காட்டிப் பாக்குறேன் பெல்லா. வேணாம்னுட்டா உன்னை அழிச்சிட்டு பழையபடி வரைய வேண்டியதுதான்" என்றார் பெல்ஹாம், முகம் வாடி.

அண்ணி பொருமினாள். மூன்று வருஷம் குளிரில் நின்றது யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவரில் அழுமூஞ்சியாகத் தொங்கவா?

பனியில் சாலை அடைபட்டிருந்தது. படத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி, அண்ணனின் படகில் ரிட்சனின் கடலோர வீட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே படகுத்துறை கிடையாது. ரிட்சன் கைத்தடியோடு கரையில் காத்திருந்தார். பெல்ஹாம் படத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். அண்ணி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள்.

"ஏறுங்க ஐயா. படத்தைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க."

அலை இடுப்புவரை அடித்தது. அவள் தள்ளாடவில்லை. ஓவியரின் காலை மடக்கி உயர்த்திப் பிடித்துச் சுமந்து வந்து ரிட்சனின் முன்னால் இறக்கினாள்.

ரிட்சன் குனிந்து ஓவியரின் பூட்ஸைப் பார்த்தார். சொட்டு ஈரம் இல்லை.

"படத்தைப் பிரிச்சுக் காட்டட்டுங்களா?" என்றார் பெல்ஹாம்.

"எதுக்கு? உள்ள கொண்டுபோய் மாட்டுங்க" என்ற ரிட்சன், அண்ணியின் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றினார்.