கருங்காலி அல்ல என்று அக்கா சொன்ன நாள்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, உங்களில் பலருடைய வீட்டுக் கதிரையை எங்கள் அக்கா ஒரு தடவையாவது கவிழ்த்துப் பார்த்திருப்பார். தட்டுவார், முகருவார், "முதிரை மரம் எண்டு சொல்லி ஏமாத்திப்போட்டாங்கள்" என்பார். பிறகு அதே கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிப்பார். அவர் பிரிந்து ஓராண்டாகிறது. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எங்கள் வீட்டில் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

அக்கா சாம்பல்தீவுக் கிராமத்தில், கடற்றொழில் செய்த எங்கள் அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார். அவருடைய பதினாறாவது வயதில் அப்பா காலமானார். அம்மா இடியப்பம் அவித்தார். அக்கா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் நகரத்துக் கடைகளில் கொடுத்துவிட்டு, அப்படியே பாடசாலைக்குப் போவார். யுத்தத்தில் இரண்டு தடவை இடம்பெயர்ந்தோம். இரண்டு தடவையும் அவர் தன் புத்தகப் பையையும் விடவில்லை, என்னையும் விடவில்லை.

பின்னர் அரசாங்க மரக் களஞ்சியம் ஒன்றில் எழுதுவினைஞரானார். மரங்களை இனங்காணும் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது வேறொருவரும் விரும்பாததால் அக்கா போனார். திரும்பி வரும்போது கையில் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தது. அன்றிலிருந்து, அனுமதியின்றிக் கொண்டுபோகும்போது பிடிபட்ட மரமெல்லாம் அவருடைய மேசைக்கே வந்தது. வெட்டவும் ஏற்றவும் தடையுள்ள கருங்காலியா, இல்லையா என்று அவர் எழுதுவதை வைத்தே வழக்கு நடக்கும்.

ஒரு நாள் கிண்ணியாவில் தச்சுவேலை செய்யும் ஓடாவி ஒருவரைச் சிறிய லொறியோடு பிடித்துக் கொண்டுவந்தார்கள். லொறியில் கன்னங்கறுத்த பலகைகள் இருந்தன. துறைமுகப் பக்கம் சேற்றில் கிடந்த பழைய இறங்குதுறைத் தூண்களை விலைக்கு வாங்கி அறுத்ததாக அவர் சொன்னார். அக்கா பலகையைச் சுரண்டினார், உள்ளும் கறுப்பு. ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டார்; கல்லைப்போல் தாழ்ந்தது. அன்று தன் மகளின் பரிசளிப்பு விழாவுக்குப் போகும் அவசரம் வேறு. கண்ணாடியை எடுக்காமலே "கருங்காலி" என்று எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டார். அந்த மனிதரை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

பத்து நாட்களுக்குப் பிறகு அவருடைய மனைவி களஞ்சியத்துக்கு வந்தார். அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. பட்டறையில் மிஞ்சிக் கிடந்த துண்டொன்றை மேசையில் வைத்தார்.

"மிஸ், இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ. பாத்திட்டும் கருங்காலி எண்டு சொன்னீங்க எண்டால் நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

அக்கா துண்டின் குறுக்குமுகத்தைச் சவர அலகால் மெல்லச் சீவி, ஈரமாக்கி, கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் நிச்சயமான கருங்காலித் துண்டொன்றையும் சீவி வைத்தார். கருங்காலியில் நுண்துளைகள் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ சிதறிக் கிடந்தன. அவற்றைக் கறுத்த பிசின் அடைத்திருந்தது. மற்றதிலோ துளைகள் நான்கு, ஐந்து, ஆறு என்று ஒன்றன்பின் ஒன்றாக எறும்புச் சாரையைப்போல் போயின. அது பாலை மரம். பாலையும் தண்ணீரில் தாழும். நெடுங்காலம் உப்புச் சேற்றில், இரும்பாணிகளோடு கிடந்ததால் கறுத்துப் போயிருந்தது.

அக்கா நேரே மேலதிகாரியிடம் போய், "சேர், நான் பிழை விட்டிட்டன்" என்றார். மேலதிக பரிசோதனையில் தெரியவந்தது என்று எழுதினால் போதும், பெயர் கெடாது என்று அவர் ஆலோசனை சொன்னார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் அறிக்கையைக் கண்ணாடி வைத்துப் பார்க்காமல் எழுதினேன், தவறு என்னுடையது என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். முதலாவது பொய்யென்றால் இரண்டாவதை எப்படி நம்புவது என்று நீதவான் கேட்டார். அக்கா இரண்டு துண்டுகளையும் கண்ணாடியையும் நீட்டி, "என்னை நம்ப வேண்டாம் ஐயா, நீங்களே பாருங்கோ" என்றார். நீதவான் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஓடாவி அன்றைக்கே விடுதலையானார்.

அலுவலகத்தில் அக்காவிடம் விளக்கம் கோரினார்கள். வரவிருந்த பதவி உயர்வு பிந்தியது. அந்த வாரமே கிண்ணியாவிலிருந்து, ஓடாவி வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. போக வெட்கப்பட்ட அக்காவை அத்தான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனார். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா அந்த வீட்டு அலுமாரியைத் தட்டிப் பார்த்து, இது வேம்பு என்று சொல்ல, தேக்கென்று நம்பியிருந்த அந்தப் பெண்மணி, மரம் வாங்கி அதைச் செய்த கணவரை ஒரு பார்வை பார்த்தாராம். ஓடாவிக்கே மரம் விற்று ஏமாற்றியவன் எவனென்று எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அந்த ஓடாவி எங்களுக்கு நானா, மூத்த அண்ணன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர்கள் வீட்டு இனிப்பு வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு எங்கள் பானையில் அவர்களுக்கொரு பங்கு போகும்.

நோய் முற்றி வைத்தியசாலையில் இருந்த நாட்களில், அன்று எல்லோர் முன்னும் பிழையை ஒப்புக்கொண்டது வெட்கமாக இருக்கவில்லையா என்று அக்காவிடம் கேட்டேன்.

"வெட்கந்தான் தம்பி. ஆனா வெளியில வந்து நானா தன்ர சின்ன மகளைத் தூக்கினதைக் கண்டனான். என்ர உத்தியோகத்தில அதைவிடச் சந்தோசமான நாள் எனக்கில்லை."

மூன்று நாட்களின் பின் அமைதியாகக் கண்மூடினார்.

இரவு பகலாய்ப் பார்த்த தாதியர்களுக்கும், பந்தல் போட்டு உலை வைத்த சாம்பல்தீவு அயலவர்களுக்கும், ஈச்சிலம்பற்றிலிருந்து அரிசி மூட்டையோடு வந்த அத்தானின் உறவினர்களுக்கும், முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்ப் போன நானா குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டுள்ளோம். இன்று கிரியைகள் முடிந்ததும் ஒருவரும் அவசரப்பட்டுப் போய்விடாதீர்கள். பந்தியில் இருந்து வயிறாரச் சாப்பிடுங்கள். அக்கா உங்கள் வீட்டில் எதைக் கவிழ்த்தார், என்ன சொன்னார் என்று எங்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னும் நாங்கள் கேட்டிராதவை நிறைய இருக்கும்.

— தம்பி